கோல் அடிக்கிற பிள்ளையின் அம்மாவுக்கு

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். முதல் தரம் பின்னால் போன மீன்காரரின் ஹோர்ன் சத்தத்தில் பாதி விளங்கவில்லை, இரண்டாம் தரம்தான் முழுக் கதையும் பிடிபட்டது. மகனுக்கு 17 வயது, உயர்தரம் முதலாம் வருடம், கலைப் பிரிவு. மாகாண மட்ட உதைபந்தாட்டப் போட்டியில் அவன் அடித்த கோலை யாரோ ஃபோனில் எடுத்துப் போட்டு அது ஊரெல்லாம் சுற்றுகிறது, திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் அவன் இறங்கினால் தெரியாத ஆட்கள்கூடப் பெயர் சொல்லிக் கத்துகிறார்கள். ஆனால் புவியியல் ரியூசனுக்கு இரண்டு மாதமாகப் போகவில்லை, தவணைப் பரீட்சையில் அரசியல் விஞ்ஞானம் 28. கட்டாரில் இருக்கிற உங்கள் கணவர் "அந்தப் பூட்ஸைக் கொண்டுபோய்க் கடலில் போடு" என்கிறார். கொழும்பிலிருந்து ஒருவர் ஃபோன் எடுத்து, பையனை விளையாட அனுப்புங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார். நீங்கள் நடுவில் நின்று நித்திரை இல்லாமல் கிடக்கிறீர்கள்.

பூட்ஸைக் கடலில் போட வேண்டாம். இப்போது அது என்ன விலை என்று அவருக்குத் தெரியாது போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பந்தைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்குப் பயம் வேறு. பாடசாலையில் ஹீரோவாக இருக்கிற பிள்ளைக்கு அது எந்தத் திகதியில் முடியும் என்று வீட்டிலும் சொல்வதில்லை, பாடசாலையிலும் சொல்வதில்லை. பாடசாலைப் போட்டிகளுக்கு வயதெல்லை உண்டு, அது 20க்கு மேல் போகாது. அதாவது இன்றைக்கு அவன் பெயரைக் கத்துகிற அதே கூட்டம் இன்னும் இரண்டு, மூன்று வருடத்தில் வேறொரு பிள்ளையின் பெயரைக் கத்தும். அவர்களில் பிழையில்லை, கூட்டம் அப்படித்தான். அந்தத் திகதியை இப்போதே அவனுக்குச் சொல்லி, அதற்கு முன்னால் என்னென்ன முடிக்க வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் வேலை, பந்தைப் பறிப்பது இல்லை.

நாட்டில் உதைபந்தாட்டம் இருக்கிற நிலையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1995இல் கொழும்பில் தென்னாசியக் கிண்ணத்தின் இறுதிப் போட்டியில் இந்தியாவை 1க்கு 0 என்று வென்றோம், அந்தப் போட்டித் தொடரை அதற்குப் பிறகு நாங்கள் வெல்லவே இல்லை. 2021இல் சுப்பர் லீக் என்று தொழில்முறைப் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள், பிள்ளைகள் எல்லாம் இனிச் சம்பளத்துக்கு விளையாடலாம் என்று துள்ளினார்கள், அது ஊன்றி நிற்கவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குள் நடந்த இழுபறியால் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது, ஆகஸ்ட் மாதக் கடைசியில்தான் தடையை நீக்கியது. ஏழு மாதம். விளையாடுகிற பிள்ளைகள் ஒரு பிழையும் செய்யவில்லை, ஆனாலும் தேசிய அணி அவ்வளவு காலமும் ஒரு சர்வதேச மட்ச்கூட ஆட முடியாமல் இருந்தது. காலில் காயம் வந்தால் விளையாட்டு நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும், கொழும்பில் நடக்கிற ஒரு சம்மேளனத் தேர்தல் சண்டையாலும் நிற்கும் என்பதை நாங்கள் அந்த வருடம் பார்த்தோம்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போதைய தேசிய அணியில் ஐரோப்பாவில் வளர்ந்து அங்கேயே அகடமிகளில் பயிற்சி எடுத்த இலங்கை வம்சாவளிப் பிள்ளைகள் கணிசமாக இருக்கிறார்கள். அணிக்கு அது நல்லது, நானும் மட்ச் பார்த்துக் கைதட்டுகிறேன். ஆனால் உங்கள் மகன் போட்டி போட வேண்டியது கிண்ணியாப் பிள்ளையோடும் மன்னார்ப் பிள்ளையோடும் மட்டுமில்லை என்பதை அவன் தெரிந்திருக்க வேண்டும். உள்ளூரில் மாதச் சம்பளத்தோடு விளையாட வேண்டுமென்றால் பெரும்பாலும் முப்படை, பொலிஸ் அணிகள்தான். அங்கே வேலையும் ஓய்வூதியமும் சேர்ந்தே வரும். எங்கள் ஊரில் ஒரு தமிழ் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் என்னென்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் அதில் நான் வாய் வைக்க மாட்டேன். அது நீங்கள் குடும்பமாக இருந்து எடுக்க வேண்டிய முடிவு.

இனி ஒரு ஆளின் கதை சொல்கிறேன், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். அலன் பேஜ் என்று ஒரு அமெரிக்கர், 1945இல் ஒஹையோ மாநிலத்தில் கன்ரன் என்ற இரும்பாலை நகரத்தில் பிறந்த கறுப்பினப் பிள்ளை. அவர் ஆடியது அமெரிக்க ஃபுட்போல், எங்கள் உதைபந்தாட்டம் இல்லை. பந்து முட்டை மாதிரி இருக்கும், காலால் தொடுவதே குறைவு, அதற்கு ஏன் ஃபுட்போல் என்று பெயர் வைத்தார்களோ அவர்களைத்தான் கேட்க வேண்டும். பாடசாலைக் காலத்திலேயே நட்சத்திரம். 1963இல் பாடசாலை முடித்து நொட்ரடாம் பல்கலைக்கழகம் போனார், அவர் ஆடிய அணி 1966இல் தேசியச் சம்பியன் ஆனது. 1967இல் மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறை அணி, புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் முதல் சுற்றிலேயே அவரை எடுத்தது. 1971இல் அந்தத் தொழில்முறை லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருது, தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

இது வரைக்கும் எல்லா நட்சத்திரக் கதையும் மாதிரித்தான். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு.

தொழில்முறை வீரரான புதிதில் அவர் சட்டம் படிக்கச் சேர்ந்தார். மூன்று கிழமையில் விட்டுவிட்டார், முடியவில்லை. (உங்கள் மகன் ரியூசனை விட்டதை நினைத்து அழுகிறீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.) பிறகு 1975இல் மினசோட்டாப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் திரும்பச் சேர்ந்து 1978இல் பட்டம் எடுத்தார். அப்போதும் அவர் லீக்கில் ஆடிக்கொண்டுதான் இருந்தார். விளையாட்டு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருக்கவில்லை. நல்லவேளை, ஏனென்றால் அதே 1978இல் வைக்கிங்ஸ் அவரை விலக்கிவிட்டது. ஓடத் தொடங்கி உடம்பு மெலிந்துவிட்டார், அந்த இடத்தில் ஆட நிறை போதாது என்பது அவர்கள் சொன்ன நியாயம். மிகப் பெறுமதியான வீரர் என்று பட்டம் வாங்கியவரை சிக்காகோ பெயார்ஸ் அணி வெறும் 100 டொலருக்கு எடுத்துக்கொண்டது. அங்கே 1981 வரை ஆடினார். சுப்பர் போல் இறுதிப் போட்டி நான்கு ஆடி நான்கிலும் தோற்றவர் என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள், மாகாண இறுதிப் போட்டியில் தோற்றதற்கு ஒரு கிழமை சாப்பிடாமல் இருந்தானாம்.

பிறகு வழக்கறிஞர், அரச சட்டத் திணைக்கள வேலை, 1993 முதல் 2015 வரை மினசோட்டா மாநில உயர் நீதிமன்ற நீதியரசர். அந்தக் கதிரையில் இருந்த முதல் கறுப்பினத்தவர் அவர். 1988இல் வீரர்களுக்கான புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அது கட்டப்பட்டிருப்பது அவர் பிறந்த கன்ரனில்தான், இளந்தாரியாக இருந்தபோது அந்தக் கட்டடத்தைக் கட்டுகிற இடத்தில் கூலி வேலையும் செய்திருக்கிறார். வழக்கமாக அந்த மேடையில் பழைய பயிற்றுநரைத்தான் கூப்பிட்டு அறிமுகம் செய்யச் சொல்வார்கள். இவர் கூப்பிட்டது ஒரு பாடசாலை அதிபரை. அணிக் கூட்டத்தில் ஆட்டத் திட்டப் புத்தகத்தை உரக்க வாசிக்கச் சொன்னபோது பெரிய பெரிய வீரர்கள் சிலருக்கு அதை வாசிக்கவே வரவில்லை என்பதை நேரில் பார்த்ததாக அங்கே சொன்னார். பாடசாலைகள் அவர்களை ஆட வைத்தன, வாசிக்க வைக்கவில்லை.

அதே வருடம் ஒரு கல்வி நிதியம் தொடங்கினார். உயர்கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பணம் தரும், ஆனால் ஒரு நிபந்தனை: வாங்குகிற பிள்ளை ஒவ்வொரு வருடமும் குறிப்பிட்ட மணித்தியாலங்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து படிப்பிக்க வேண்டும். காசு கொடுத்துப் படம் எடுத்துப் போடுகிற தொண்டு இல்லை இது. வாங்கியவனையும் அடுத்தவனுக்குக் கொடுக்க வைக்கிற ஏற்பாடு. எனக்கு அவர் நீதியரசர் ஆனதைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

அமெரிக்காக் கதை எங்களுக்கு எதற்கு என்பீர்கள். அங்கே விளையாட்டுப் புலமைப்பரிசில் இருக்கிறது, இங்கே கோச்சுக்கே பஸ் காசு இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படிக்கிறதை ஆடுகிற காலத்திலேயே செய்ய வேண்டும் என்பதற்குத் திருகோணமலையில் எந்தத் தடையும் இல்லை. அதற்கு என்ன செய்யலாம் என்று இனிச் சொல்கிறேன், முக்கியமானதில் நின்று சொல்கிறேன், மற்றதை ஓடிவிடுகிறேன்.

முதலில் பல்கலைக்கழகம். கலைப் பிரிவு என்பதால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் குறைந்தது எஸ் (சாதாரண) சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி, இது இருந்தால்தான் விண்ணப்பமே போடலாம். விளையாட்டில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சிறப்பு அனுமதி ஒன்று வைத்திருக்கிறது, கைநூலில் இருக்கும், எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. கவனியுங்கள், அங்கேயும் அந்த மூன்று எஸ் வேண்டும். ஆகவே 28 என்பது உலகம் அழிகிற புள்ளி இல்லை, எஸ் சித்திக்கு 35ஐ எட்ட வேண்டிய புள்ளி, அவ்வளவுதான். சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலும் ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் விளையாட்டு விஞ்ஞானத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது, எந்தப் பாடப் பிரிவுக்கு எது திறந்திருக்கிறது என்பதை அந்தந்த வருடக் கைநூலில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வி எடுத்தால் மூன்று வருடம், கடைசி வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி, வெளியே வரும்போது ஆசிரியர் நியமனம். வீட்டுக்கு நிம்மதி வேண்டுமென்றால் இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

இனிச் சான்றிதழ். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வருகிற விளையாட்டுப் பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடம் இதுதான். எனக்குத் தெரிந்த ஒருவர், ஒரு காலத்தில் அவர் பந்தோடு ஓடினால் மைதானமே எழும்பி நிற்கும், இப்போது முச்சக்கரவண்டி ஓடுகிறார், பின்னேரத்தில் கடற்கரையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறார், காசு வாங்குவதில்லை. ஒரு தரம் பயிற்றுநர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள், போனார். சான்றிதழ் கேட்டார்கள். எல்லாம் 2004இல் கடலோடு போய்விட்டது. பாடசாலையில் கேட்டால் பழைய பதிவு இல்லை என்றார்கள். ஊரே சாட்சி சொல்லும், ஆனால் நேர்முகப் பரீட்சையில் ஊரை எங்கே இருத்துவது? வேலை அவரைவிடப் பாதி ஆடத் தெரிந்த ஒருவருக்குப் போனது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வலயம், மாகாணம், அகில இலங்கை என்று எந்த மட்டத்தில் ஆடினானோ அந்தந்தச் சான்றிதழை ஒரு ஃபைலில் வருட ஒழுங்கில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் பெயரைப் பிறப்புச் சான்றிதழோடு வைத்துப் பாருங்கள். முதலெழுத்து மாறியிருக்கும், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடியிருக்கும், சிங்களத்தில் எழுதினவர் வேறு மாதிரி எழுதியிருப்பார். அவன் பாடசாலையில் இருக்கும்போதே அதிபரிடம் சொல்லித் திருத்தலாம், விலகிய பிறகு அது ஒரு வருட அலைச்சல். ஆடிய போட்டிகளைப் பட்டியலிட்டு அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் எடுத்து வையுங்கள். லமினேட் பண்ண வேண்டாம், தயவுசெய்து. அழகாகத்தான் இருக்கும், ஆனால் உறுதிப்படுத்தும் முத்திரை குத்தப் பின்பக்கம் வேண்டும். எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்து அவருக்குக் கட்டாருக்கும் அனுப்பிவிடுங்கள், கடல் வந்தாலும் அங்கே இருக்கும். அவருக்கும் மகன் என்ன செய்திருக்கிறான் என்று ஒரு தரம் பார்த்த மாதிரி இருக்கும்.

அப்புறம் சிங்களம். மட்ச் ஆடக் குருநாகலுக்கும் கண்டிக்கும் போகிற பிள்ளை பஸ்ஸிலும் மைதானத்திலும் அதைப் பிடித்துக்கொண்டு வருகிறான், ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. அரச வேலைக்குப் போனால் இரண்டாம் மொழித் தகைமை எடுத்தே ஆக வேண்டும், ஆகவே எழுதவும் வாசிக்கவும் இப்போதே பழகச் சொல்லுங்கள்.

பந்தை விடாமலே ஊருக்கு வேலை செய்கிற வழிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள், "சமூக சேவை செய்யப் போகிறேன் என்கிறான், அதில் சோறு கிடைக்குமா" என்று. நல்ல கேள்வி. கிடைக்கும், வெறும் நல்ல மனதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் கிடைக்காது. பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், இளைஞர் சேவை உத்தியோகத்தர் இருக்கிறார், சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர் என்று வரிசையாக இருக்கிறார்கள். இவை எல்லாம் சம்பளத்தோடு ஊர்ப் பிள்ளைகளுக்காக வேலை செய்கிற கதிரைகள். பெரும்பாலானவற்றுக்குப் பட்டமோ டிப்ளோமாவோ கேட்பார்கள், அறிவித்தல் வரும், போட்டிப் பரீட்சை இருக்கும். சமூகப்பணியில் முறையாகப் பட்டம் படிக்க சீதுவையில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் இருக்கிறது. விளையாட்டுப் பயிற்சிக்கு கொழும்பில் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகம் டிப்ளோமா நடத்துகிறது. உதைபந்தாட்டப் பயிற்றுநர் உரிமம் ஆசியச் சம்மேளனத்தின் படிகளில் போகும், டி, சி, பி, ஏ என்று. உரிய வயது வந்ததும் நடுவர் பரீட்சையும் எழுதலாம், ஆட்டம் விளங்கின பிள்ளைக்கு அது கைச்செலவுக்கும் உதவும், வாயை அடக்கவும் உதவும்.

தொண்டு நிறுவனங்களை நம்பித் திட்டம் போட வேண்டாம். கடற்கோளுக்குப் பிறகு உவர்மலையில் வீதிக்கு வீதி பெயர்ப்பலகை இருந்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும், திட்டம் முடிந்ததும் பலகையும் போனது, வேலை செய்த பிள்ளைகள் முப்பது வயதில் திரும்ப என் மேசைக்கு வந்தார்கள். கிடைத்தால் செய்யட்டும், அனுபவம் நல்லது.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு நியமனக் கடிதம் தேவையில்லை. உங்கள் ஒழுங்கையில் பின்னேரம் சும்மா திரிகிற பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்? அந்த வயதைக் குறிவைத்து என்னென்ன தூள் விற்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் போய் அவர்களுக்கு அறிவுரை சொன்னால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். உங்கள் மகன் கிழமையில் இரண்டு நாள் ஒரு மணித்தியாலம் பந்து பழக்கினால் வருவார்கள், ஏனென்றால் வீடியோவில் பார்த்த ஆள். பழக்கி முடிந்ததும் எல்லோரும் பதினைந்து நிமிடம் புத்தகம் எடுக்க வேண்டும், எடுக்காதவனுக்கு அடுத்த நாள் பந்து இல்லை என்று ஒரு சட்டம் போடட்டும். சின்னவர்களுக்கு முன்னால் புத்தகத்தோடு இருக்கிறவன் தான் 28 எடுத்தால் வெட்கப்படுவான் என்பது என் சின்னத் தந்திரம், அதை அவனுக்குச் சொல்ல வேண்டாம்.

கடைசியாகக் கொழும்புக்காரர். எல்லோரும் கள்ளர் இல்லை, நல்ல கழகங்களும் இருக்கின்றன. ஆனால் எழுத்தில் தராத எதையும் நம்ப வேண்டாம். எங்கே தங்க வைப்பீர்கள், சாப்பாடு யார் பொறுப்பு, காயப்பட்டால் வைத்தியச் செலவும் காப்புறுதியும் இருக்கிறதா, உயர்தரப் பரீட்சைக்கு எத்தனை கிழமை லீவு, பாடசாலையை மாற்றச் சொல்கிறீர்களா என்று கேளுங்கள். பதிலில் எரிச்சல் தெரிந்தால் அதுவே பதில். வெளிநாட்டுக் கழகத்தில் ட்ரயல் எடுத்துத் தருகிறேன், கொஞ்சம் காசு கட்டுங்கள் என்று சொன்னால் ஃபோனை வைத்துவிடுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாறுவதை ஃபிஃபா விதி பொதுவாகத் தடுக்கிறது, பெற்றோர் வேறு காரணத்துக்காகக் குடிபெயர்வது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. வீரர்களுக்காகப் பேசுகிற முகவருக்கு ஃபிஃபா உரிமமும் வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். நகையை அடகு வைக்கிற அளவுக்கு இந்தப் பேச்சு எங்கள் ஊரில் வேலை செய்கிறது, அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

கட்டாரிலிருந்து அவர் வெள்ளிக்கிழமை ஃபோன் எடுக்கும்போது பூட்ஸ் கதையைத் தொடங்க வேண்டாம். உயர்தரம் முடியும் வரை இரண்டும் நடக்கும், பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது பயிற்சி பாதியாகக் குறையும், அதை மகனே ஒத்துக்கொண்டான் என்று சொல்லுங்கள். அவன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி, அதை என்னிடம் விடுங்கள். சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் குளிக்காமல் வந்தாலும் பரவாயில்லை, நேரே கூட்டி வாருங்கள். ஃபைலையும், தவணைப் பரீட்சைப் புள்ளி அட்டையையும், அந்தக் கொழும்பு நம்பரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.